நீச்சல் குளத்தில் காற்றுக் குமிழி – அவசர உதவி தேவை

பண்ணைவீடு: வணக்கம். குளத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும் துளைகளில் ஓயாமல் காற்றுக் குமிழி வருகிறது. மோட்டார் உறுமுகிறது. பிளம்பர் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

குழாய்ப்பித்தன்: மோட்டார் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? குழாய் என்ன அளவு? மோட்டாருக்கு முன்னால் உள்ள வடிகட்டிக் கூடையில் தண்ணீர் நிறைந்து நிற்கிறதா?

நீலத்தொட்டி: நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்நீரையும் மிதக்கும் குப்பையையும் இழுக்கும் பக்கச்சுவர்த் திறப்பு) வாய்க்குக் கீழே இறங்கியிருந்தாலும் காற்றை இழுக்கும். அதை முதலில் பாருங்கள்.

செங்கல்சூளை: தரையில் விரிசல்தான், சந்தேகமே இல்லை. முழுவதும் வடித்துவிட்டு டைல்ஸ் இடுக்குகளைப் பாருங்கள்.

மூத்தவர்: விரிசல் வழியே தண்ணீர் வெளியே போகும், காற்று உள்ளே வராது. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? கேட்பவரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை, பதில் சொல்பவரும் படிப்பதில்லை. காற்று நுழைவது மோட்டாருக்கு முந்திய உறிஞ்சு குழாயில். பிந்திய இணைப்பு விட்டிருந்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்.

பண்ணைவீடு: மோட்டார் மேலே. 2 அங்குலக் குழாய். ஸ்கிம்மர் சரியாக இருக்கிறது. கூடையில் பாதிதான் தண்ணீர். போன வாரம் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடியது, அது முக்கியமா? வீடு கோவளம் பக்கம்.

குழாய்ப்பித்தன்: அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! வறண்டு ஓடினால் உள்ளே தங்கிய நீர் சூடேறி, மோட்டார் வாயில் திருகியிருக்கும் பி.வி.சி. மரையை (திருகு இணைப்பை) இளக்கிச் சுருக்கிவிடும். மோட்டார் ஓடும்போது கூடை மூடியின் விளிம்பிலும் அந்த மரையிலும் சவர நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடம்தான் ஓட்டை. மூடியின் ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையத்துக்கு) சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி பல வகை ரப்பரை ஊத வைத்துவிடும்.

செங்கல்சூளை: எம்-சீல் வைத்தால் தீர்ந்தது. இருந்தாலும் வடித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

நீலத்தொட்டி: கோவளம் மணல் தரை, அதுவும் மழைக்காலம். நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது வடித்தால் காலித் தொட்டி அப்படியே மேலே கிளம்பிவிடும்.

செங்கல்சூளை: கான்கிரீட் மிதக்குமா?

மூத்தவர்: இரும்புக் கப்பல் மிதக்கவில்லையா? நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தம் விடுவிக்கும் வால்வைக் குளத்தின் அடியில் வைப்பதே இதற்காகத்தான்.

செங்கல்சூளை: அப்படியானால் வால்வு இருந்தால் வடிக்கலாம். நீங்களே சொல்கிறீர்கள்.

நீலத்தொட்டி: அது மணலடைத்துக் கிடந்தால்?

பண்ணைவீடு: மரையில்தான் நுரை இழுபட்டது. வெட்டி மாற்றியாயிற்று, குமிழி நின்றுவிட்டது. மோட்டாருக்கு அடியில் மட்டும் ஈரம் கசிகிறது. பிளம்பர் இன்னும் மோட்டாரைத்தான் சொல்கிறார்.

குழாய்ப்பித்தன்: வறண்டு ஓடியதில் ஷாஃப்ட் சீலும் (சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைப்பது) போயிருக்கும். அது தனியாகக் கிடைக்கும், மோட்டாரை மாற்ற வேண்டாம்.