ஸ்கேன் சென்டர் இத்தனை வந்தும் ரேட் ஏன் இறங்கவில்லை?

மண்டிக்கணக்கன்:
நான் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பலமனேர் பக்கமிருந்து தக்காளி லோடு நாலு சேர்ந்தாற்போல வந்து நின்றால் காலை ஐந்து மணி விலை ஏழு மணிக்கு இருக்காது. முதல் பெட்டியைப் பிரிக்கும்போதே முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், இன்றைக்கு அடி என்று. எனக்குத் தெரிந்த வியாபாரம் இவ்வளவுதான்.

போன வாரம் அம்மாவுக்கு இடுப்பு வலி. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார், எந்தச் சென்டர் என்று சீட்டிலேயே சீல் குத்தியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடுப்புக்கு ஒருமுறை எடுத்திருக்கிறோம். அப்போது எங்கள் பக்கம் ஒரு சென்டர்தான், இப்போது பஸ் ஏறப் போகிற வழியிலேயே மூன்று போர்டு. சரக்கு இவ்வளவு வந்தால் விலை சரிய வேண்டாமா? அன்றைக்குக் கொடுத்ததைவிட ஐந்நூறு ரூபாய் அதிகம் சொன்னார்கள். இன்னும் எடுக்கவில்லை, சீட்டு பையிலேயே இருக்கிறது. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு வாங்குகிறார்களா, இல்லை வைத்தியத்துக்கு மண்டிக் கணக்கே செல்லாதா? யாரையும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

கல்லாப்பெட்டி:
அண்ணே, இருபது வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தக்காளியை நீங்கள் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறீர்கள். எம்.ஆர்.ஐ.யை எதை வைத்து அமுக்குவீர்கள்? வேண்டும் என்று முடிவு செய்தது டாக்டர், எங்கே என்று முடிவு செய்ததும் அவர், பணம் மட்டும் உங்களுடையது.

என் கடைக் கதை ஒன்று. பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு பெரியவர் மாதா மாதம் சுகர் மாத்திரைக்கு வருவார். அதே மருந்து, அதே அளவு, பாதி விலைக்கும் கீழே ஜெனரிக்கில், அதாவது பிராண்டு பெயர் இல்லாமல், இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையை எடுத்து வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விலை கம்மின்னா பவரும் கம்மியாத்தானே இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, சீட்டில் எழுதிய பெயரையே வாங்கிக்கொண்டு போனார். தக்காளி விலை இறங்கினால் கூட்டம் கூடும், மாத்திரை விலை இறங்கினால் சந்தேகம் கூடுகிறது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கோட்டைமதில்:
மேலே சொன்னதைத்தான் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1963இல் ஒரு கட்டுரையாக எழுதினார். எப்போது நோய் வரும் என்று தெரியாது, வந்தால் எது குணமாக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, விற்கிறவருக்குத்தான் தெரியும், அதனால் இது சாதாரணச் சந்தைபோல நடக்காது என்பது அவர் வாதம். மில்டன் ரோமர் என்று இன்னொருவர், ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டால் அது நிரம்பிவிடும் என்றார், அதாவது இடம் இருந்தால் அதற்கேற்ப வைத்தியமும் கூடும். கட்டிலுக்குச் சொன்னது மெஷினுக்கும் பொருந்தும்.

ஆனால் கேள்விக்கு நேர் பதில் இதில் இல்லை. எம்.ஆர்.ஐ. மெஷின் கோடிக்கணக்கில் விலை, பெரும்பாலும் கடனில் வாங்கியது. யாரும் படுக்காவிட்டாலும் மாதத் தவணை போகும், மெஷினுக்குள் இருக்கிற காந்தத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிற கரன்ட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காலியாகப் போன அரை மணி நேரம் அழுகின தக்காளிதான், நாளைக்கு விற்க முடியாது. எனவே அவர்களும் உங்களைப் போல ஆளைப் பிடிக்கத் தவிக்கிறார்கள், ஆனால் ரேட்டைக் குறைத்து உங்களைப் பிடித்துப் பிரயோஜனம் இல்லை, இடத்தைத் தேர்வு செய்வது நீங்கள் இல்லையே. அதனால் அனுப்பி வைக்கிறவரைப் பிடிக்கிறார்கள். விலைக் குறைப்பு நடக்கத்தான் செய்கிறது அண்ணே, அது உங்கள் கைக்கு வராமல் கமிஷனாக வேறு கைக்குப் போகிறது. போட்டி கூடக் கூடக் கமிஷன்தான் ஏறும். கேஸ் அனுப்புவதற்கு டாக்டர்கள் கமிஷன் வாங்கக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது. இருந்து என்ன.

எல்லா டாக்டரும் அப்படி என்று சொல்லவில்லை. உங்கள் டாக்டர் நல்ல மெஷின் என்று நம்பியேகூட சீல் குத்தியிருக்கலாம்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்:
கோட்டைமதில் சாருக்கு ஒரு மறுப்பு. கட்டில் போட்டால் நிரம்பும் என்பதை ஏதோ தில்லுமுல்லு போலச் சொல்கிறீர்கள். ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் அம்மா 1900இல் இந்த ஊரில் ஆரம்பித்தது ஒரே ஒரு கட்டிலில். அதுதான் இன்றைய சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அந்தக் கட்டில் நிரம்பியது வேண்டாத வைத்தியத்தாலா? ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக்கூடாது என்று வீட்டிலேயே செத்துப்போன பெண்கள் இருந்த காலம் அது. தேவை இருந்தது, போக இடம் இல்லாததால் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். 2005இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு அணைக்கட்டு மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் எல்லாம் புதுசாகவா நோயாளி ஆனார்கள்?

மண்டிக் கணக்கு எங்கே செல்லும் என்று கேட்டால் லாட்ஜ் நடத்துகிற எங்களிடம் செல்லும். ஹவுரா ரயில் காட்பாடியில் வந்து நிற்கிற நாளில் வைத்தியத்துக்காக வந்து ரூம் கேட்கிற வங்காளக் குடும்பங்களை வைத்தே அன்றைய வாடகையைச் சொல்லிவிடலாம். ஒரு ரூம், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம், மீன் குழம்பு வாசனை. 2020 ஊரடங்கில் ரயில் நின்றதும் பாதி வாடகைக்குக் கொடுக்கிறேன் என்றாலும் ஆள் இல்லை. பக்கத்து லாட்ஜ் குறைத்தால் நானும் குறைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் ரூமைப் பார்த்துவிட்டு எதிர்ச் சந்துக்குப் போய்விட அவர்களால் முடியும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு யார் எதிர்ச் சந்துக்குப் போவார்கள்?

கோட்டைமதில்:
லாட்ஜ் அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். வெளியே தெரியாமல் கிடந்த தேவையும் உண்டு, உண்டாக்கிய தேவையும் உண்டு. சிக்கல் என்னவென்றால், எது எது என்று நோயாளியால் பிரிக்க முடியாது. 1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் பெரிய சோதனை ஒன்று நடத்தியது. முழுக்க இலவசமாக வைத்தியம் கிடைத்த குடும்பங்களைவிட, கையிலிருந்து பெரும்பங்கு கட்ட வேண்டியிருந்த குடும்பங்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகச் செலவழித்தன. ஆனால் வேண்டாததை மட்டும் பார்த்து விடவில்லை, வேண்டியதையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள்.

ஓபிசீட்டு:
விலையே இல்லாத இடத்தைப் பற்றியும் சொல்லுங்கள் சார். அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டுக்குக் காசு இல்லை, ஆனால் வரிசையில் ஒரு நாள் கூலி போய்விடும், துணைக்கு வந்தவர் கூலியும் சேர்த்து. அதுவும் விலைதான். அரசு விலைக்கு வரம்பு கட்டினாலும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கிற, மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள், அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றது. ஸ்டென்ட் இறங்கியது நிஜம். மொத்த பில் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்ற புகாரும் கூடவே வந்தது.

மண்டிக்கணக்கன் அண்ணே, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய படம் இருக்கிறதா? அதை எடுத்துப்போய், இதை வைத்துப் பார்க்க முடியாதா, இப்போது புதுசாக எடுத்தால் வைத்தியம் மாறுமா என்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். மாறும் என்றால் எடுங்கள். அப்படியே சீட்டில் சீல் இல்லாமல் எழுதித் தரச் சொல்லி நாலு இடத்தில் ரேட் விசாரியுங்கள். அடுக்கம்பாறையிலும் கேட்டுவிடுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

மண்டிக்கணக்கன்:
எல்லாருக்கும் நன்றி. குறைப்பு நடக்கிறது, என் கைக்கு வரவில்லை என்றது நன்றாகப் புரிந்தது, எங்கள் மண்டியிலும் தரகு என்று ஒன்று இருக்கிறதே. பழைய படத்தை பீரோ முழுக்கத் தேடினேன். கடைசியில் அம்மாவே பாய்க்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மடங்காமல் இருக்கட்டும் என்று மூன்று வருஷமாக அதன் மேலேயே படுத்திருக்கிறார். திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.