தேசிய அருங்காட்சியகத்திலிருந்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் படியில்லாத வழி உண்டா?

வணக்கம். கோலாலம்பூருக்கு (கேஎல்) புதிதாக வந்த நண்பர்கள், மொத்தம் 4 பேர். ஒருவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதால் சக்கர நாற்காலி. வரும் சனிக்கிழமை இந்த இரண்டு அருங்காட்சியகங்களையும் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள தூரம்தான் இடிக்கிறது.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து, தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டிய எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குக் கூரை போட்ட நடைவழி, அங்கே லிஃப்ட். அதுவரை கவலையில்லை. பிறகு மேடு, வேகச் சாலைகள். கூகல் மேப் நடைவழி காட்டுகிறது, ஆனால் எங்கே படி, எங்கே சரிவு என்று சொல்வதில்லை. தெருப் படங்களை உருட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் நடைபாதை நடுவிலேயே விளக்குக் கம்பம் நிற்கிற மாதிரி இருக்கிறது.

நாற்காலி மடக்கும் ரகம், இரும்பு, 17 கிலோ, அகலம் 65 செ.மீ. சரிவில் இரண்டு பேர் தள்ளிவிடலாம். படியில் ஆளோடு தூக்க முடியாது.

இ-ஹெய்லிங்கும் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) முயன்றாயிற்று. சின்னக் காரில் எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்) இருந்தால் பின்பக்க டிக்கியில் நாற்காலி நுழையாது. 6 பேர் கார் என்றால் பின்வரிசையை மடக்க வேண்டும். குறுகிய தூரம், நாற்காலி வேறு என்றதும் ஓட்டுநர்கள் கேன்சல் செய்கிறார்கள்.

தேசியப் பள்ளிவாசலும் பட்டியலில் உண்டு. தொழுகை நேரம் தவிர்த்துத்தான் மற்றவர்களை விடுவார்கள், அதனால் மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும்.

அந்தப் பக்கம் சக்கர நாற்காலி தள்ளிப் போனவர்கள் சொல்லுங்கள்: எந்த வாசலில் வெளியேறி, எந்தச் சாலை வழியாகப் போனால் ஒரு படிகூட இல்லாமல் போய்ச் சேரலாம்?