19 விழுக்காடு பயன் தரும் ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

வைகைக்கரையான்:
2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஃபுளூ தடுப்பூசியின் பயன்திறன் 19 விழுக்காடு மட்டுமே என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே பின்னர் அறிவித்தது. அந்த ஆண்டு மிகுதியாகப் பரவிய எச்3என்2 வகையை மட்டும் எடுத்துக்கொண்டால், பயன் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லிவிடலாம். தட்டம்மைக்கு இரண்டு தவணை போட்டால் 97 விழுக்காடு பாதுகாப்பு கிடைக்கிறது. இங்கோ ஆண்டுதோறும் ஊசி, ஆண்டுதோறும் ஊகம். இதை அறிவியல் என்பதா, ஆரூடம் என்பதா?

நுண்ணோக்கி:
தட்டம்மையோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஃபுளூ கிருமி தன் மரபுச்செய்தியைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. அப்பிழைகளுள் சில, கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்னும் புரதத்தின் முகப்பை மாற்றிவிடுவதால், சென்ற ஆண்டு நம் உடல் உருவாக்கிய எதிர்ப்பான்களுக்கு இந்த ஆண்டுக் கிருமி பாதி அடையாளம் மாறிய ஆளாகத் தெரிகிறது. தட்டம்மைக் கிருமியிலும் பிழைகள் நேர்கின்றன. ஆனால் எதிர்ப்பான்கள் பற்றும் இடத்தை மாற்றிக்கொண்டு அதனால் பிழைத்திருக்க முடிவதில்லை.

2014இல் நடந்தது ஊகத்தின் தோல்வி அன்று, நாட்காட்டியின் தோல்வி. வட அரைக்கோளத்துக்கான தடுப்பூசியில் எந்தக் கிருமிகள் இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு பிப்ரவரி நடுவில் பரிந்துரைத்துவிட்டது. உருமாறிய எச்3என்2 முதலில் கண்டறியப்பட்டதோ மார்ச் இறுதியில். செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கான பட்டியல் வந்தபோது எச்3என்2 மாதிரி மாற்றப்பட்டது. வடக்கே அதற்குள் ஊசிகள் தயாராகிவிட்டன.

வைகைக்கரையான்:
நாட்காட்டியை எழுதியவர் யார்? கருவுற்ற கோழிமுட்டையில் கிருமியை வளர்த்துத் தயாரிப்பதால்தான் ஏறக்குறைய ஆறு மாதம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1945இல் பொதுமக்களுக்கு வந்த ஊசியும் முட்டையில் வளர்த்ததுதான். 1947இல் கிருமி உருமாறியதால் அது கைவிட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தும் அதே முட்டை, அதே பாடம். கிருமியின் மீது பழிபோடுவது எளிது.

நுண்ணோக்கி:
இதில் உங்களோடு உடன்படுகிறேன். இன்னும் ஒருபடி மேலேயும் செல்வேன். முட்டையால் வரும் சிக்கல் காலதாமதம் மட்டும் அன்று. கோழிமுட்டையில் நன்றாக வளரும் பொருட்டு எச்3என்2 தன்னைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. மக்களிடையே பரவும் கிருமி, தன் ஹீமக்ளூட்டினினில் எதிர்ப்பான்கள் பற்றக்கூடிய ஓரிடத்தைச் சர்க்கரை மூலக்கூறால் மூடிக்கொண்டது. முட்டையில் வளர்த்தது அந்த மூடியை இழந்தது. அதாவது, சரியான கிருமியையே தேர்ந்தெடுத்தாலும் ஊசிக்குள் செல்வது வேறொன்று. 2016-17இல் பயன் குறைந்ததற்கு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே காரணமாகக் காட்டியது. உயிரணுக்களில் வளர்க்கும் ஊசியும், கிருமியே இன்றிப் புரதத்தை மட்டும் உருவாக்கும் ஊசியும் வந்துவிட்டன. எனினும் சந்தையின் பெரும்பங்கு இன்னும் முட்டையிடமே.

ஆனால் 19 என்ற எண்ணை நீங்கள் படிக்கும் முறை தவறு. நூறு பேருக்குப் போட்டால் 19 பேருக்குத்தான் வேலை செய்தது என்பது அதன் பொருள் அன்று. ஊசி போடாத கூட்டத்தில் நூறு பேர் ஃபுளூவால் மருத்துவரிடம் சென்றிருந்தால், அதே அளவுள்ள, போட்டுக்கொண்ட கூட்டத்தில் 81 பேர் சென்றிருப்பார்கள். மேலும் ஊசி ஒன்றானாலும் அதற்குள் மூன்று, நான்கு கிருமிகளுக்கான மருந்து இருக்கிறது. அதே குளிர்காலத்தில் பி வகையின் யமகட்டா கிளைக்கு எதிராகப் பயன் பாதிக்கும் மேல் இருந்தது.

வைகைக்கரையான்:
அந்த யமகட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிசெய்யப்படவில்லை. கொரோனாக் காலக் கட்டுப்பாடுகளே அதைத் துடைத்தெறிந்திருக்கக்கூடும் என்கிறார்கள். அப்படியானால் ஊசியைவிட முகக்கவசமும் நோயுற்றவர் வீட்டில் இருப்பதும் வலிமையானவை என்றுதானே ஆகிறது?

நுண்ணோக்கி:
உலகையே பூட்டி வைத்தும் எச்3என்2 மறையவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுதோறும் அப்படிப் பூட்ட யார் ஒப்புவார்கள்?

கொரட்டூர்வாசி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அமெரிக்கக் குளிர்காலக் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்? சென்னையில் எந்த மாதம் போட்டுக்கொள்வது?

நுண்ணோக்கி:
இந்தியா முழுமைக்கும் ஒரே பருவம் இல்லை, ஐயா. டெல்லியிலும் புனேயிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரிலும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் ஃபுளூ உச்சம் அடைவதாகக் கண்காணிப்பு ஆய்வு காட்டியிருக்கிறது. எதிர்ப்புத்திறன் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே நம் பகுதியில் மழை தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது. பெட்டியில் எந்த ஆண்டு, எந்த அரைக்கோளம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையான்:
என் தந்தைக்கு 74 வயது, சர்க்கரை நோயும் உண்டு. அவருக்குச் செப்டம்பரில் போட ஏற்பாடு செய்கிறேன். கடுமையான நோய்க்கு அஞ்ச வேண்டிய வயதில் 19 விழுக்காடும் சிறிதன்று என்பதை ஏற்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு அவர் போன மருத்துவமனையில் "ஒரே ஊசி, ஆண்டு முழுவதும் முழுப் பாதுகாப்பு" என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த வாசகத்தை உங்களால் ஆதரிக்க முடியுமா?

நுண்ணோக்கி:
முடியாது. அதில் உள்ள இரண்டு கூற்றுகளுமே தவறு. முழுப் பாதுகாப்பு எந்த ஆண்டும் கிடைத்ததில்லை. கிடைப்பதும் சில மாதங்களில் தேயத் தொடங்கிவிடும்.