கல்யாண நாளுக்குப் போகிற இடத்தில் வீட்டுச் சாமான் வாங்கலாமா?

வைகைக்கரை:
வரும் சனிக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பெரியவன் பிறந்ததிலிருந்து நானும் அவரும் மட்டுமாக எங்கேயும் ஒரு ராத்திரி தங்கினதில்லை. இந்தத் தடவை அத்தையே, "பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன், போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். மதுரையிலிருந்து காரைக்குடி 90 கிலோமீட்டர்தான். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். வெள்ளி, சனி இரண்டு ராத்திரிக்கு அறை போட்டாயிற்று.

இப்போது அவர், "சனிக்கிழமை காலையிலேயே முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய் ஊஞ்சல் பார்த்துடலாம், ஒரு தேக்கு அலமாரியும் பார்க்கணும்" என்கிறார். காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற தெரு அது. அளவு நாடாவை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார். கல்யாண நாள் அன்றைக்குமா சாமான் வாங்க அலையணும் என்று கேட்டேன். "நம்ம வீட்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருள் வாங்குறதைவிட வேற என்ன கொண்டாட்டம்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் மனசு ஒப்பவும் இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கிழக்குவாசல்:
வேண்டாம் அக்கா, கண்டிப்பாக வேண்டாம். போன வருஷம் இதே தப்பை நாங்கள் செய்தோம். கோயம்புத்தூருக்கு ஒரு நாள் போனோம், வழியில் சோபா ஒன்று பார்த்துவிடலாம் என்று ஒரு கடைக்குள் நுழைந்தோம். வெளியே வரும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. துணி உறையா, தோல் உறையா, தவணையா, ரொக்கமா, எப்போது கொண்டுவந்து இறக்குவார்கள் என்பதே பேச்சு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதும் தவணைக் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவை புதுசு என்பதை மறுநாள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. சாமான் வாங்குவது வீட்டு வேலை. அதற்கு வருஷத்தில் மீதி 364 நாள் இருக்கிறது.

மழைச்சாரல்:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. எங்கள் கதை நேர் எதிர், அதையும் கேளுங்கள்.

எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்குக் கரூரிலிருந்து காரைக்குடி போனோம். அதே தெருவில் ஒரு கடை. வாசலில் எனாமல் பாத்திரமும் பித்தளைப் பூட்டும் தொங்கின. உள்ளே போகப் போக ஒன்றன்மேல் ஒன்றாக நாற்காலி, மேசை, மரவைச் சாமான். கடைசியில் இருட்டாக ஒரு மூலை, அங்கே ஆளுயரக் கண்ணாடி பதித்த ஒரு அலமாரி. எங்கள் வீட்டுக்காரர் இருபது வருஷமாக எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று சொல்கிறவர். அன்றைக்கு அவரே அதன் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டு, "இதுல உன் புடவையெல்லாம் தொங்கவிட்டுடலாம். இனிமே கட்டிலுக்கு அடியில குனிஞ்சு டிரங்குப் பெட்டியை இழுக்க வேண்டாம்" என்றார். எனக்கு முட்டி வலி என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. பார்த்து வைத்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தை எந்த மலையுச்சிக்குப் போயிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது. ஒரு பொருளின் முன்னால் நிற்கும்போதுதான் மனசில் இருப்பது சிலருக்கு வாய்க்கு வருகிறது.

வைகைக்கரை, உங்கள் வீட்டுக்காரர் ஊஞ்சல்தான் வேண்டும் என்று ஏன் கேட்கிறார்? அதைக் கேட்டுப் பார்த்தீர்களா?

இழைப்புளி:
திருச்சியில் 26 வருஷமாக மரப்பட்டறை நடத்துகிறேன். கல்யாண நாளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். போகிற போக்கில் வாங்குகிற பொருள் இல்லை இது. பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் வாங்கினவர்கள் பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"பர்மா தேக்கு" என்று சொல்லாத கடை கிடையாது. பர்மா 2014 ஏப்ரலோடு உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து வீடுகளிலிருந்து வந்தது உண்மையான பர்மா தேக்காக இருக்கலாம். ஆனால் கால் பழையது, மேல்பலகை புதியது என்று ஒட்டுப்போட்ட சாமானும் நிறைய உண்டு. இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் போட்டு எதையும் மறைத்துவிடலாம், அடிப்பக்கத்துக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை என்றால் வில் மாதிரி வளைந்த கோடுகள் தெரியும். கைரம்பத்தில் அறுத்த பழைய பலகை என்றால் நேர்கோடு, அதுவும் ஒரே சீராக இருக்காது. குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருந்தால் விரலால் தட்டுங்கள். மாவு மாதிரி கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கில் அது அவ்வளவாக ஏறாது, வெளிறு, அதாவது வைரத்துக்கு வெளியே இருக்கிற மென்பகுதி, சேர்த்து அறுத்த இடத்தில்தான் உளுத்துப்போகும்.

கட்டில் பார்த்தால் உள்பக்க அளவை எடுக்காமல் வராதீர்கள். இன்றைக்குக் கடையில் விற்கிற மெத்தை அந்தக் காலத்துக் கட்டிலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது, தனியாகத் தைக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊஞ்சல் விஷயத்தில் ஒரு கேள்வி. உங்களுடையது தனி வீடா, அடுக்கு மாடியா?

வைகைக்கரை:
அடுக்கு மாடிதான் அண்ணா. ஐந்து மாடியில் எங்களுடையது மூன்றாவது.

இழைப்புளி:
அப்படியானால் ஊஞ்சலை இப்போதே மறந்துவிடுங்கள் தங்கச்சி. 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனம் என்று வைத்தால் தேக்குப் பலகை மட்டும் சுமார் 30 கிலோ. பித்தளைச் சங்கிலி அதற்கு மேல். இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினால் இருக்கிற எடையைவிடக் கூடுதலாகவே இழுக்கும். கொக்கியைத் தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துப் பதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தளத்தைத் துளைத்து மேல்பக்கம் தகடு வைத்து முடுக்க வேண்டும். உங்கள் தளத்தின் மேல்பக்கம் இன்னொருத்தர் வீட்டுக் கூடம். கீழிருந்து துளைபோட்டு ஆணி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் ஆடுகிற இடம்.

பட்டாசாலை:
மரம், அளவு, விலை எல்லாம் பேசுகிறீர்கள். அந்தச் சாமான் அந்தத் தெருவுக்கு எப்படி வந்தது என்று யாரும் பேசவில்லை.

எங்கள் ஐயா கட்டின வீடு தேவகோட்டைப் பக்கம். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது தொழில் செய்து, வந்த பணத்தில், ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கில் எழுந்த வீடு. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள், அதற்கப்புறம் வருமானம் இல்லை. வீடு மட்டும் நின்றது. எங்கள் தலைமுறையில் பங்காளிகள் 22 புள்ளி, அதாவது 22 குடும்பம். ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் சென்னை. ஓடு மாற்றக் காசு போட நாலு பேர் ஒத்துக்கொண்டால் பத்துப் பேர் மாட்டேன் என்பார்கள். கடைசியில் பிரிக்கக் கொடுத்தாயிற்று. நான் போய்ப் பார்த்தபோது தூண்களில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டிருந்தார்கள். ஐயா சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடும் தூண், எண் 4. அந்த உயரத்தில் அவர் முதுகு பட்டுப் பட்டு மரம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அதில் கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதற்குப் பிறகும் இடிப்பது நிற்கவில்லை. ராத்திரி ஒரு செட்டிநாட்டு வீட்டில் ஆசையாகத் தூங்கிவிட்டு, காலையில் இன்னொரு செட்டிநாட்டு வீட்டின் கதவை விலை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்க ஆள் இருப்பதால்தான் பிரிக்க ஆள் வருகிறது.

மழைச்சாரல்:
படிக்கும்போதே கஷ்டமாக இருக்கிறது ஐயா. ஆனால் நாங்கள் வாங்காவிட்டால் அந்த அலமாரி என்ன ஆகியிருக்கும்? அறுத்து ஜன்னல் சட்டம் பண்ணியிருப்பார்கள். எங்கள் வீட்டில் தினமும் துடைத்து வைத்திருக்கிறேன்.

இழைப்புளி:
ஐயா சொல்வதில் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். வாங்க ஆள் இருப்பதால் வீடு இடிபடவில்லை. ஒழுகுகிற கூரையை மாற்றப் பணமும் ஒற்றுமையும் இல்லாமல்தான் இடிபடுகிறது. உங்கள் வீடும் அப்படித்தானே?

பட்டாசாலை:
ஒழுகினது உண்மை. பேரம் பேச ஆள் வாசலில் காத்திருந்ததும் உண்மை. அந்த ஆள் வராமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஒழுகிக்கொண்டாவது நின்றிருக்கும். அதற்குள் யாராவது ஒரு பேரன் முன்வந்திருக்கலாம். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஒன்று மட்டும் பிரித்துச் சொல்கிறேன். தூண், நிலை, கதவு, உத்திரம் வாங்காதீர்கள், அதெல்லாம் வீட்டின் உடம்பு. நாற்காலி, மேசை, பெட்டி என்றால் எந்தக் காலத்திலும் வீடு விட்டு வீடு போய்க்கொண்டு இருந்தவைதான். அம்மா, நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த மாதிரி ஏதாவது வாங்குங்கள். போவதற்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிற ஒரு வீட்டை முழுசாக, வளவில் உட்கார்ந்து பாருங்கள். எது எங்கே இருந்தது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கிழக்குவாசல்:
பாருங்கள், அக்கா கேட்ட கேள்வி எங்கேயோ போய்விட்டது. கல்யாண நாளைப் பற்றிக் கேட்டவருக்கு ரம்பக் கோடும் தூணும் பேசுகிறோம். இங்கேயே இப்படி என்றால் அங்கே போய் நின்றால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசியுங்கள். நான் சொன்னதும் இதைத்தான்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். மழைச்சாரல் அக்கா கேட்டதையும் கேட்டேன். சோழவந்தானில் அவருடைய ஆச்சி வீட்டில் ஊஞ்சல் இருந்ததாம். அவர் ஏழாவது படிக்கும்போது ஆச்சி காலமானார்கள், வீட்டை விற்றபோது ஊஞ்சலும் அதோடு போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. தளத்தில் மாட்ட முடியாது என்று படித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அளவு நாடாவைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். நான்தான் திரும்ப எடுத்து உள்ளே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் கடைத்தெரு, சனிக்கிழமை கிடையாது என்று முடிவு. போய் வந்து எழுதுகிறேன்.

வைகைக்கரை:
நேற்றுத் திரும்பினோம்.

சனிக்கிழமை காலையில் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடத்துக்குப் போனோம். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் வண்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திக் காயவிடுகிறார்கள். கல் மினுமினுப்பது அந்தக் கண்ணாடியால்தானாம். அங்கேயே ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்த்தோம், யாருக்கும் போன் பேசவில்லை. பகல் முழுக்க விடுதி வளவில் உட்கார்ந்திருந்தோம். பட்டாசாலை ஐயா, நீங்கள் சொன்னது அங்கே உட்கார்ந்தபோது புரிந்தது. வெயில் நகர நகரத் தூண் நிழலும் நம்மோடு நகர்கிறது.

ஞாயிறு காலை பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு முனீஸ்வரன் கோவில் தெரு. மூன்றாவது கடையில் ஒரு கணக்கப்பிள்ளை மேசை. தரையில் சம்மணம் போட்டு எழுதுகிற மாதிரி, மேல்மூடி சரிவாக இருக்கும். இழைப்புளி அண்ணா சொன்ன மாதிரி அவர் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். அடியில் நேர்கோடுகள்தான், தட்டினால் மாவு கொட்டவில்லை. நான் மூடியைத் திறந்தேன். மசிக்கூடு வைத்த இடத்தில் வட்டமாகக் கறை. மூடியின் உள்பக்கம் பென்சிலால் யாரோ கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறார்கள், ௧, ௪, ௭ என்று தமிழ் எண்கள். அவர் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரிடம் விலை கேட்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. பெரியவனும் சின்னவளும் வீட்டுப்பாடம் எழுத வைத்துக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டோம். பாலிஷ் போட்டுச் சாக்கு சுற்றி லாரியில் ஏற்றுகிறார்கள், இங்கே வந்ததும் குட்டியானையில் எடுத்து வர வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலையிலேயே போயிருந்தால் பிடித்திருக்காது.

கிழக்குவாசல்:
சந்தோஷம் அக்கா. ஆனாலும் நான் மாறவில்லை. உங்களுக்கு நடந்தது சனிக்கிழமையைக் காப்பாற்றி வைத்ததால்தான். அடுத்த கல்யாண நாளுக்கு நாங்கள் கடை இல்லாத ஊராகப் பார்த்துப் போகப்போகிறோம்.

இழைப்புளி:
தங்கச்சி, பாலிஷ் போடச் சொல்லிவிட்டா வந்தீர்கள்? முதலில் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள். அந்தப் பென்சில் கணக்கு ஒரே தேய்ப்பில் போய்விடும். உடனே போன் போடுங்கள்.

வைகைக்கரை:
போட்டுவிட்டேன் அண்ணா. நல்லவேளை, வெளிப்பக்கம் மட்டும்தான் தேய்த்திருக்கிறார்களாம். மூடியின் உள்ளே கை வைக்க மாட்டோம் என்றார்கள்.