உதவி: பிஎஸ்ஏ எம்20, முழுக்க ஒரிஜினல் என்கிறார்கள், எதைப் பார்க்கணும்?

ஹட்டன் தம்பி:
அண்ணன்மாரே, மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிஎஸ்ஏ எம்20 என்ற பழைய இங்கிலாந்து பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1942இல் பட்டாளத்துக்குச் செய்தது, ஒரு ஆணிகூட மாற்றவில்லை என்று சொல்லி அதற்கேற்ற விலையும் கேட்கிறார்கள். போய்ப் பார்த்தேன். எஞ்ஜின் இலக்கம், செசி (பைக்கின் இரும்புச் சட்டம்) இலக்கம் இரண்டுமே டபிள்யூஎம்20 என்று தொடங்குகின்றன, ஆனால் பின்னால் வரும் எண்கள் வேறு வேறு. வேறு பைக்கின் எஞ்ஜினைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ? முன் சில்லைப் பிடிக்கும் ஃபோர்க் டெலஸ்கோபிக், அதாவது குழாய்க்குள் குழாய் இறங்கும் வகை. கார்புரேட்டர் அமல் கம்பனியுடையது. ரொம்ப ஆசையாக இருக்கிறது, அதனால்தான் பயமும்.

கொட்டகலை:
எண்ணுக்காகக் கவலைப்படாதீங்க தம்பி. யுத்தகால எம்20இல் கம்பனியிலேயே எஞ்ஜினுக்கு ஓர் இலக்கம், செசிக்கு வேறு இலக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் யாரோ பிறகு அடித்தார்களா என்று யோசிக்கணும். இடிக்கிறது அந்த ஃபோர்க்தான். யுத்தகாலத்து வண்டிக்கு கேர்டர் ஃபோர்க், அதாவது சட்டம் போன்ற பழைய வகை, நடுவில் ஒற்றை ஸ்பிரிங் தெரியும். எம்20க்கு டெலஸ்கோபிக் வந்தது 1948இல். செசி 1942 என்றால் ஃபோர்க் பிறகு போட்டது, முன் சில்லும் பிரேக் டிரம்மும் அதோடு சேர்ந்து மாறியிருக்கும். "ஒரு ஆணிகூட" என்ற பேச்சும் அந்த விலையும் அங்கேயே போச்சு.

பண்டாரவளை:
அமல் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பழைய கார்புரேட்டரில் பெற்றோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் தனியாகப் பக்கத்தில் தொங்கும். எல்லாம் ஒரே வார்ப்பாக இருந்தால் அது மோனோபிளாக், 1950களின் நடுவில் வந்த சாமான். அப்புறம் கையோடு நட்டு திருகும் சாவி (ஸ்பேனர்) கொண்டு போங்க. அந்தக் காலத்து பிஎஸ்ஏ நட்டுக்கு விட்வர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவுச் சாவிதான் பிடிக்கும், 10, 13 மில்லிமீற்றர் சாவி கச்சிதமாக உட்கார்ந்தால் நட்டு பிறகு வந்தது. ஆனால் நம்ம மழைக்குத் துருப்பிடித்த நட்டை மாற்றினதைக் குற்றமாக எடுக்கக் கூடாது, அப்படி மாற்றித்தான் இந்த வண்டிகள் இத்தனை காலம் ஓடின.

ஹட்டன் தம்பி:
இன்றைக்குத் திரும்பப் போனேன். கிண்ணம் தனியாகத்தான் தொங்குகிறது! ஸ்டியரிங் தலையில் செசி இலக்கத்தின் மேல் தடித்த பெயின்ட், முதல் எழுத்துகளைத் தவிர மற்றதெல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது. சுரண்டலாமா?

கொட்டகலை:
சுரண்டாதீங்க, அரம், வயர் பிரஷ் எதுவும் வேண்டாம். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டுத் துணியால் துடையுங்க. எண்கள் கொஞ்சம் சாய்ந்தும் ஏறி இறங்கியும் இருந்தால் சரி, அவை கையால் அடித்தவை. எண்ணைச் சுற்றி அரம் ஓடிய கீறலோ, அந்த இடம் மட்டும் பள்ளமாக வழவழவென்றோ இருந்தால் விட்டுவிட்டு வாங்க. அதேபோல் எஞ்ஜினுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பாருங்க, கிராங்க்கேசின் (எஞ்ஜினின் கீழ்க்கூடு) இரண்டு பாதியிலும் ஒரே சின்ன எண் அடித்திருந்தால் அவை ஜோடியாகவே வந்தவை.

பண்டாரவளை:
எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவுப் புத்தகம். அதிலுள்ள எஞ்ஜின், செசி இலக்கங்கள் பைக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவரணும், இல்லாவிட்டால் பெயர் மாற்றப் போகும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாட்டிக்கொள்வீங்க. ஃபோர்க்கைத் தேடிப் பிடிக்கலாம், புத்தகத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஹட்டன் தம்பி:
சரி அண்ணே, புத்தகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஒத்துவந்தால் ஃபோர்க்கைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பேன். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலோ வேறெங்கோ எம்20 கேர்டர் ஃபோர்க் கண்ணில் பட்டால் இங்கே எழுதுங்க, முன் சில்லோடு கிடைத்தால் இன்னும் நல்லது.