டயர் மாற்றி 11,000 கிலோமீட்டர்: முன்பு கேட்ட கேள்விக்கு ஒரு புதுப்பிப்பு

என் ஆறு சிலிண்டர் செடானின் ரன்-ஃபிளாட் டயர்கள் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடியவை) தேய்ந்துவிட்டன, ஓசை குறைந்து நீண்ட நாள் உழைக்கும் மாற்று எது என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். ஸ்போர்ட் வகையை விட்டு, நீண்ட, சொகுசான பயணத்துக்கான டூரிங் வகையில், ரன்-ஃபிளாட் அல்லாத சாதாரண டயர்களைப் போட்டேன்.

டயர்களுக்கான ஐரோப்பிய தர லேபிளில் உள்ள டெசிபல் (ஓசை அளவு) எண்ணை நம்பியே தேர்ந்தெடுக்க இருந்தேன்; அது வண்டிக்கு வெளியே அளக்கப்படும் ஓசையே தவிர, உள்ளே அமர்ந்திருப்பவரின் காதில் விழுவதன்று என்பதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே உணர்ந்தேன். பெங்களூரின் கான்கிரீட் சாலைகளில் இன்னும் ஒரு முனகல் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஓசூர் செல்லும் தார்ச்சாலையில் குரலை உயர்த்தாமல் மனைவியோடு பேச முடிகிறது. (அவர் இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.)

முன்னே 225/45 ஆர்18, பின்னே 255/40 ஆர்18 என அகலம் வேறுபடுவதால் முன்பின் மாற்றிப் போட வழியில்லை. பின்சக்கர இயக்கம் வேறு, ஆகவே பின் டயர்களே முதலில் தேயும் என்று கணக்கில் வைத்திருக்கிறேன். பழைய டயர்களின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையானதற்கும், அவை எழுப்பிய இரைச்சலில் பாதிக்கும், வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பிசகியிருந்ததே காரணம் என்று பின்னர்தான் தெரிந்தது.

கடைக்காரர் முதலில் எடுத்துவந்த ஜோடியின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை; அது இரண்டாண்டுப் பழைய சரக்கு என்பதால் மறுத்துவிட்டேன். ஸ்டெப்னி இல்லாத வண்டியாகையால், பஞ்சர் ஒட்டும் கிட் ஒன்றும், காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸரும் இப்போது டிக்கியில் இருக்கின்றன.