ஹைபர்நேட் லிஸ்ட்: இரண்டு பாட்டை இடம் மாற்றினால் யூனிக் பிழை

ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை டேபிள்களில் சேமிக்கும் ஹைபர்நேட்டில், பிளேலிஸ்ட், பாடல் இரண்டுக்கும் இடையே மெனி-டு-மெனி (பலவற்றுக்குப் பல) லிஸ்ட், @OrderColumn (வரிசை எண்ணைத் தனி நெடுவரிசையில் வைக்கும்) அனோட்டேஷனுடன். இணைப்பு டேபிளின் பிரைமரி கீ: பிளேலிஸ்ட் ஐடி + வரிசை எண். ஒரே பாட்டு இருமுறை வராமலிருக்க பிளேலிஸ்ட் ஐடி + பாடல் ஐடிக்குத் தனியாக யூனிக் கட்டுப்பாடு இருக்கிறது. தரவுத்தளம் மைஎஸ்கியூஎல்.

0-ம் இடத்துப் பாட்டையும் 1-ம் இடத்துப் பாட்டையும் இடம் மாற்றினால் ஃப்ளஷ்ஷில் (மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது) யூனிக் பிழையோடு விழுகிறது. காரணம் புரிகிறது: ஹைபர்நேட் வரிசை எண்ணைத் தொடுவதில்லை, ஒவ்வொரு ரோவிலும் பாடல் ஐடியைத்தான் மாற்றி எழுதுகிறது. முதல் அப்டேட் முடிந்ததுமே ஒரே பாட்டு இரண்டு ரோவில் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் என்றால் யூனிக்கை டிஃபரபிள் ஆக்கி கமிட் வரை தள்ளிப்போடலாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதியே இல்லை.

லிஸ்ட்டை காலி செய்து, ஃப்ளஷ் செய்து, திரும்ப நிரப்பினால் ஓடுகிறது. ஆனால் 500 பாட்டுக்கு 500 இன்சர்ட், அசிங்கம். யூனிக்கை எடுக்காமல் வேறு வழி உண்டா? இல்லை, இணைப்பு டேபிளையே என்டிட்டியாக்கி (தனி ஜாவா கிளாஸாக்கி), வரிசை எண்ணை 1000 இடைவெளியில் நாமே வைத்து, படிக்கும்போது அதன்படி வரிசைப்படுத்த ஆர்டர்பை போடுவதுதான் சரியா?